வானும் மண்ணும் காற்றும்: சானெட்டுக்கு மெட்டுக் கட்ட மியூஸ்கோர் 4

சானெட் என்ற பதினான்கு வரி ஐரோப்பியப் பழங்காதல் கவிதை ஒன்றைத் தமிழாக்கி, ஒரு குரலுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக அமைத்து, இசைக் குறிப்பாகத் தாளில் கொண்டுவர ஒரு மென்பொருள் தேவை. காசு கொடுக்காமல் கிடைக்கிற மியூஸ்கோர் 4 இதற்குப் போதுமா? போதும். ஆனால் அதை எந்த வேலைக்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். எழுதுகிற கை அதற்கு அருமையான கை. சொல்லைக் கேட்கிற காது அதற்குக் கிடையாது. இந்த ஒன்றை மறந்துவிட்டு வேலை செய்தவர்களின் பாட்டு, திரையில் நன்றாக ஒலித்து ஒத்திகையில் சரிந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது சுலபம். பாளையங்கோட்டை சர்ச் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்கள் ஐந்து கோட்டு நோட்டேஷனைத் தினசரி மாதிரி வாசிப்பார்கள். அரசு இசைப்பள்ளி வழியாகவோ குருவிடமோ வயலின் படித்தவர்கள் ஸ்வரம் வாசிப்பார்கள். வயலின் கர்நாடக இசைக்குள் வந்த கதையிலேயே எட்டயபுரம் இருக்கிறது: முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். ஆக இரண்டு வகை வாசிப்புக்காரர்களும் ஒரே மேடையில் உட்காரும்படி ஒரு தாள் தயாரிக்க முடிகிறதா என்பதே இங்கே மியூஸ்கோருக்கு வைக்க வேண்டிய பரீட்சை.

முதலில் இறக்கிக்கொள்வது. மென்பொருள் இருப்பது டாட் ஓஆர்ஜி தளத்தில். அதே பெயரில் டாட் காம் என்று முடியும் தளம் ஸ்கோர்களை, அதாவது எழுதி முடித்த இசைத் தாள்களைப் பகிர்வதற்கானது. சந்தா கேட்கும் பகுதியெல்லாம் அங்கேதான். எழுதுகிற மென்பொருளுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. மொபைல் செயலியில் ஸ்கோரைப் பார்க்கலாம், கேட்கலாம்; எழுத முடியாது, கணினி வேண்டும். 4-ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. 64 பிட் கணினியில் மட்டுமே ஓடும். வீட்டில் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினிதான் இருக்கிறதென்றால் 3.6.2 பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். அப்படி இருவர் இரு பதிப்பில் வேலை செய்தால் கோப்பை மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 4-இல் சேமித்ததை 3 திறக்காது. ஃபினாலே என்ற இன்னொரு இசை எழுதும் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2024-இல் அறிவித்துவிட்டதால், அதில் பழைய ஸ்கோர்கள் வைத்திருப்பவர்களும் இதே மியூசிக்எக்ஸ்எம்எல் வழியாக இங்கே வந்துவிடலாம். மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்பு தனியாக, அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. தந்தி வாத்தியத் தொகுப்பு பல ஜிபி வரும், கணினியின் ராம் நினைவகத்தையும் நிறையத் தின்னும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் அதைத் தொட வேண்டாம். கூடவே வருகிற சாதாரண ஒலியே எழுதுவதற்குப் போதும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இருப்பவர்கள், அமைப்புகளில் ஆட்டோசேவ் நேரத்தை 2 நிமிடமாகக் குறைத்துவிட்டுப் பிறகு முதல் நோட்டைப் போடவும்.

அடுத்தது வார்த்தை. இங்கேதான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, நோட்பேடில் பாட்டை அசை பிரித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நோட்டுக்கு ஒரு உயிரொலி என்பது கணக்கு. புள்ளி எழுத்து எப்போதும் முந்தின எழுத்தோடு நிற்கும். யாப்பில் ஒற்றைத் தனியாக எண்ணாமல் முன்னெழுத்தோடு சேர்த்து நேரசை நிரையசை பார்ப்போமே, அதே பழக்கம். ‘காற்-றும்’ என்று பிரிக்க வேண்டும். ‘கா-ற்றும்’ என்று பிரித்தால் பாடுகிறவர் அடுத்த நோட்டில் ற்-ஐத் தேடித் தடுமாறுவார். நிரையசையை மட்டும் இரண்டு நோட்டாக உடைக்க வேண்டியிருக்கும்: ‘ம-லர்’.

நோட்பேடில் ஏன் எழுதச் சொல்கிறோம் என்றால், மியூஸ்கோரில் வரி போடும்போது ஸ்பேஸ் தட்டினால் அடுத்த நோட்டுக்குப் போய்விடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் உள்ளீட்டு முறைகள் சில, வார்த்தையை முடிக்கவும் அதே ஸ்பேஸைக் கேட்கும். இரண்டும் மோதி, பாதி எழுத்தோடு அடுத்த நோட்டுக்குத் தாவிவிடும். தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் நோட்பேடில் அசைகளுக்கு நடுவே கோடும் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விட்டு எழுதி, மொத்தமாக நகலெடுத்து, முதல் நோட்டைத் தேர்ந்து, கண்ட்ரோலோடு எல் தட்டி, பிறகு கண்ட்ரோலோடு வி-யைத் தட்டிக்கொண்டே போனால் போதும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அசை தானே அடுத்த நோட்டில் உட்காரும். ஓர் அசை பல நோட்டுக்கு நீளுகிற இடத்தில் மட்டும் கையால் அடிக்கோடு போட்டு நீட்ட வேண்டும். பாட்டுப் புத்தகத்துக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருக்கும் வரிகளை அப்படியே ஒட்டினால் கந்தலாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவையும் விட்டுவிடக் கூடாது. மியூஸ்கோரின் இயல்பு எழுத்துருவான எட்வினில் தமிழ் இல்லை. கணினி எதையாவது எடுத்துப் போட்டுக் காட்டும், அதனால் உங்கள் திரையில் சரியாகத் தெரியும். அடுத்தவர் கணினியில் அளவு மாறி வரிகள் ஒன்றோடொன்று முட்டும். ஸ்டைல் பகுதியில் பாடல் வரிக்கு நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுத்து, அளவை 9 புள்ளிக்குக் குறைத்துவிடுங்கள். ‘ணொ’, ‘ளை’ போன்றவை அகலம் பிடிக்கும் எழுத்துகள். அளவைக் குறைக்காவிட்டால் வரியே நோட்டுகளைத் தள்ளித் தள்ளி, ஒரு வரிசையில் இரண்டு பார் (தாளக் கட்டம்)தான் கொள்ளும்.

இனி குறிலும் நெடிலும். மேற்கத்திய மொழிப் பாட்டில் அழுத்தம் தவறினால் கேட்க நெருடும், அவ்வளவுதான். தமிழில் நீளம் தவறினால் பொருளே மாறிப்போகும். ‘மனம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை மூன்று எண்ணிக்கை இழுத்தால் ‘மானம்’. ‘கண்’ என்பதை இழுத்தால் ‘காண்’. ‘விடு’ என்றால் ‘வீடு’. ‘பல்’ இழுபட்டால் ‘பால்’. காதலியின் பல்வரிசையை வியக்கும் சானெட்டுகளும் உண்டு என்பதால் கடைசி உதாரணம் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று இலக்கணம் சொன்னதை அப்படியே தாளக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விகிதத்தைக் காப்பாற்றினால் போதும். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை வேகத்தில் குறிலை ஓர் எண்ணிக்கைக்கு மேல் நிறுத்தாதீர்கள். கட்டாயம் நீட்டத்தான் வேண்டுமென்றால், குறிலுக்குப் பின் ண், ம், ல், ள் வருகிற சொல்லாகப் பார்த்து அந்த ஒற்றில் நிற்கலாம். அவை ஒலிக்கிற எழுத்துகள். க், ச், ட், த், ப், ற் மேல் நிற்க முடியாது. அங்கே வாயில் காற்று அடைபடுகிறது.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374) எழுதிய சானெட் ஒன்று ‘வானமும் பூமியும் காற்றும் அடங்கிய இவ்வேளை’ என்று தொடங்குகிறது. இத்தாலிய இசையமைப்பாளர் மான்டிவெர்டி இதை ஆறு குரல், இரண்டு வயலின், தொடர்ந்து ஒலிக்கும் கீழ் ஸ்வர வாத்தியத் துணையோடு அமைத்து 1638-இல் தம் எட்டாவது மாட்ரிகல் (பல குரல் பாட்டு) தொகுதியில் வெளியிட்டார். அதன் தொடக்கம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் தாழ்ந்த ஸ்வரக் கூட்டு. இத்தாலிய வரியை வாயால் சொல்லிப் பாருங்கள்: ‘ஓர் கெல் ச்சேல் எ லா தெர்ரா எல் வென்தோ தாச்சே’. பதினோரு அசை. நடுவில் ‘ர்ரா’வும் ‘எல்’லும் ஒட்டி ஒரே அசையாகிவிடும், நமக்குப் புணர்ச்சி தெரியும் என்பதால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பத்தாம் அசையில் அழுத்தம் விழுந்து, பதினோராவது மெல்ல அடங்கும்.

தமிழில் இது ‘வானும் மண்ணும் காற்றும் ஓய்ந்த வேளை’ என்று வரும். ஐந்து சீரும் தேமா. பத்து அசை. முடிவில் ‘வே’ நீண்டு ‘ளை’ அடங்குகிறது. ஈற்று ஐகாரம் குறுகும் என்பதால் அந்த அடக்கம் இயல்பாகவே கிடைக்கிறது. இத்தாலிய வரியின் முடிவும் இதே மாதிரி ஏறி இறங்குவது. அதனால்தான் இத்தாலியச் சானெட் தமிழுக்கு வாகாக இறங்குகிறது. ஆங்கிலச் சானெட் வரிகள் பெரும்பாலும் பத்தாம் அசையில் அழுத்தமாக முடிந்துவிடும். அங்கே ‘கோல்’, ‘பூ’, ‘நாள்’ என்று ஓரசைச் சொல்லில் வரியை முடித்தால்தான் மெட்டு தொங்காமல் நிற்கும்.

இதை நான்கு எண்ணிக்கைப் பாராக, 60 வேகத்தில் போடுவோம். முதல் பாரில் ‘வா’ ஒன்றரை, ‘னும்’ அரை, ‘மண்’ ஒன்று, ‘ணும்’ ஒன்று. ‘மண்’ணை ஒன்றுக்கு மேல் விட்டால் ‘மாண்’ ஆகும்; பாடுகிறவர் அகரத்தைச் சீக்கிரம் மூடி ண்-இல் ரீங்கரிக்க வேண்டும் என்று நோட்டுக்கு மேல் ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள். இரண்டாம் பாரில் ‘காற்’ ஒன்றே முக்கால், அதன்பின் கால் எண்ணிக்கை ஓய்வு, பிறகு ‘றும்’ ஒன்று, மிச்சம் ஓர் எண்ணிக்கை ஓய்வு. அந்தக் கால் எண்ணிக்கை ஓய்வைப் போடாமல் இரண்டு முழு எண்ணிக்கை நோட்டாக எழுதிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பாடுகிறவர் இரண்டு எண்ணிக்கையும் ‘கா’வை நிறுத்திவிட்டு, ற்-ஐ அடுத்த எண்ணிக்கைக்குள் தள்ளுவார், ‘றும்’ தாமதமாகும், வயலின்கள் முந்திவிடும். ஓய்வு போட்டுவிட்டால் ற் தன் இடத்தில் அடைபடுகிறது, காற்று நிற்கிறது. முதல் தடவை பாடும்போது தந்திகள் அந்த இடைவெளியைத் தாங்கி நிற்கட்டும். இதே மெட்டு திரும்பி வரும்போது நான்கு வில்லும் அங்கே சேர்ந்து நிற்கட்டும். அரங்கம் முழுக்க அந்த நொடி கேட்கும். மூன்றாம் பாரில் ‘ஓய்ந்’ மூன்று எண்ணிக்கை. அலங்கார ஓட்டம் எல்லாம் ‘ஓ’ மேல் முடிந்துவிட வேண்டும், ய்-க்குள் நுழையக் கூடாது. ‘த’ அரை, அரை ஓய்வு. நான்காம் பாரில் ‘வே’ மூன்று, ‘ளை’ ஒன்று.

மியூஸ்கோரில் இதைப் போடுவது பத்து நிமிட வேலை. விசைப்பலகையில் N எழுத்தைத் தட்டினால் எழுதும் நிலை வரும்; 5 ஓர் எண்ணிக்கை, 4 அரை, 6 இரண்டு, 3 கால்; பிறகு ஸ்வர எழுத்து, ஓய்வுக்குப் பூஜ்யம். விரல் பழகிவிட்டால் பேனாவை விட வேகமாகப் போகும். இந்த இடத்தில் விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளுக்கும் இது இளைத்ததில்லை என்று தயங்காமல் சொல்லலாம். ‘காற்-’ என்ற அசைக்குப் பின் வரும் ஓய்வைத் தாண்டியும் இணைப்புக் கோட்டை அழகாக இழுத்துக் கொண்டுபோய் ‘றும்’மில் சேர்க்கிறது. ஓய்வு இருப்பதால் சொல் முடிந்துவிட்டது என்று பாடுகிறவர் நினைக்க மாட்டார்.

ஓய்வைப் பற்றி இன்னொன்று. இத்தாலியில் குறுகிய ஓய்வுக்கு ‘சோஸ்பிரோ’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பெருமூச்சு என்றும் பொருள். காதலன் பெருமூச்சு விடும் இடத்தில் மாட்ரிகல்காரர்கள் சொல்லுக்கு முன்னாலோ நடுவிலோ ஓர் ஓய்வை வைத்தார்கள். தமிழில் சொல்லுக்கு நடுவே வைப்பதென்றால் வல்லொற்று இரட்டிக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். வேறெங்கே வைத்தாலும் சொல் உடைந்து கேட்கும்.

சொல் தேர்வில் நெல்லைக்காரர்களுக்குக் கையிருப்பு அதிகம். 1591-இல் அச்சான ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னியின் சானெட் தொகுப்பில் காதலன் நிலாவைப் பார்த்துப் புலம்புவான். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி நிலாவைப் பழிப்பாள். திரிகூடராசப்பக் கவிராயர் அங்கே ஆண்ட சொற்கள் எல்லாம் பாடுவதற்கென்றே பிறந்தவை. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டிருப்பதை விட, அந்த விரகப் பாட்டுகளை நாலு தடவை வாயாரப் படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் இறங்குவது பலன் தரும்.

இப்போது தந்திகள். புதிய ஸ்கோர் தொடங்கும்போது குரல், இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்று ஐந்து வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்புக்கு வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு: ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பர்ட் 1588-இல் வெளியிட்ட பாடல் தொகுதியில் பெரும்பாலானவை முதலில் ஒரு குரலும் நான்கு வயல் வாத்தியங்களுமாக இருந்து, அச்சுக்காக எல்லா வரிசைக்கும் சொல் சேர்க்கப்பட்டவை. வயல் என்பது காலிடையில் வைத்து வாசிக்கும், மெட்டுக் கட்டுகள் கொண்ட மென்மையான வாத்தியம். நம் வயலினுக்கு அதைவிடச் சத்தம் அதிகம். அதனால் அந்தக் காலத்து அமைப்பை அப்படியே வயலினுக்கு மாற்றினால் குரல் மூழ்கிப்போகும். முதல் வயலின் குரலோடு ஒரே ஸ்தாயியில் ஒரே உயரத்தில் நடமாட வேண்டாம். சொல் நெருக்கமாக வரும் இடத்தில் மேலே போகட்டும், அல்லது வாய் மூடி இருக்கட்டும். குரல் நீண்டு நிற்கும் இடத்தில் அது அசையட்டும். எதிரொலி நீளும் உயரக் கூரைச் சர்ச்சுகளில் செல்லோவுக்கு அரை எண்ணிக்கை ஓட்டங்கள் எழுதினால் அத்தனையும் குழம்பிப்போகும். ஓர் எண்ணிக்கையும் அதற்கு மேலும்தான்.

வயோலா வாசிப்பவர் கிடைக்காமல் மூன்றாவது வயலின் வைக்க வேண்டி வந்தால், வாத்தியப் பட்டியலில் மாற்றிவிட்டால் கிளெஃப் (வரிசையின் தொடக்கத்தில் ஸ்வர உயரம் காட்டும் குறி) தானே மாறிக்கொள்ளும். வயலினின் கடைசித் தந்தியான ஜி-க்குக் கீழே போகும் நோட்டுகள் சிவப்பாகத் தெரியும். மிகவும் உதவியான வசதி இது. சிவப்பு நோட்டுகளை அப்படியே ஒரு ஸ்தாயி தூக்கிவிடாதீர்கள். இரண்டாம் வயலினோடு மோதும். அந்தக் கூட்டில் எந்த ஸ்வரம் குறைகிறதோ அதைக் கொடுங்கள்.

ஆனால் இந்தச் சிவப்பு, கர்நாடக முறையில் சுருதி சேர்த்த வயலினுக்குப் பொருந்தாது. ச ப ச ப என்று சேர்த்து, ஷட்ஜம் இரண்டு கட்டையில், அதாவது டி-யில் இருந்தால் கடைசித் தந்தி கீழ் டி-க்கே இறங்கிவிடும். மென்பொருள் சிவப்பு காட்டும் சில நோட்டுகள் அவர் கையில் சுகமாக வரும். அவருக்கு ஸ்வரத்தாளும் வேண்டும். அதற்குத் தனி மென்பொருள் தேடத் தேவையில்லை. பாடல் வரி போடும் வசதி எல்லா வரிசைக்கும் உண்டு என்பதால், வயலின் வரிசையின் நோட்டுகளுக்குக் கீழே ச, ரி2, க2, ம1 என்று தட்டிவிடலாம். இதைக் கோப்பின் தனி நகலில் செய்யுங்கள். ஒரே கோப்பில் போட்டால் முழு ஸ்கோரும் ஸ்வர எழுத்தால் நிரம்பி, மற்றவர்கள் கண்ணைக் கட்டும்.

மேலே சொன்ன வரியை டி-யில், பழைய ஐரோப்பிய ஸ்வர வரிசைகளில் ஒன்றான டோரியன் முறையில் அமைத்தால், ஸ்வரக் கோவை கரகரப்பிரியாவுக்குச் சமம். ஃப்ரீஜியன் என்றால் தோடி, மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி. இந்தப் பெயரைச் சொல்லிவிடுவதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. ‘கரகரப்பிரியா’ என்று காதில் விழுந்தவுடன் காந்தாரத்திலும் நிஷாதத்திலும் விரல் தானே அசையத் தொடங்கும். தனியாகக் கேட்டால் உயிரான அசைவு. கீழே வயோலாவும் செல்லோவும் அசையாமல் கூட்டு ஸ்வரம் பிடித்திருக்கும்போது கூட்டே புளித்துவிடும். தாளில் முதல் பாருக்கு மேலேயே ‘கமகம் இல்லாமல், நேர் ஸ்வரம்’ என்று எழுதிவிடுங்கள். வரியின் முடிப்பில் ஷட்ஜத்துக்கு ஏறும்போது அந்தக் காலத்து வழக்கப்படி நிஷாதம் காகலியாகும். டோரியன் டி-யில் அது சி ஷார்ப். ராகத்தில் இல்லாத நி3 என்பதால், அச்சுப்பிழை என்று நினைத்து அவர் நி2 வாசித்துவிடுவார். ஷார்ப்பை நோட்டுக்கு முன்னாலேயே போடுங்கள். பழைய பதிப்புகளின் பாணியில் நோட்டுக்கு மேலே சின்னதாக வைக்க ஆசைப்பட்டால் மியூஸ்கோரில் அது வெறும் சின்னமாகத்தான் நிற்கும், ஒலிக்கும்போது கணக்கில் வராது. இன்னொன்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்: கச்சேரி வயலின் குரலைப் பின்தொடர்ந்து பழகியது, இங்கே அதற்குத் தனி வழி இருக்கிறது, குரல் நின்றாலும் அது நடக்க வேண்டும்.

பாடுகிறவர் கர்நாடகப் பயிற்சி உள்ள பெண் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார். சர்ச் சோப்ரானோவுக்கு (உயர்ந்த பெண் குரலுக்கு) எழுதிய டி-யில் மேல் ஷட்ஜம் அவருக்கு உச்சி. டூல்ஸ் மெனுவில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) கொடுத்து ஐந்து கட்டைக்கு, ஜி-க்கு இறக்கினால் ஒரு ஃப்ளாட் வரும், குரல் வசதியாகிவிடும். ஆனால் ஐந்து வரிசையையும் ஒன்றாக இறக்கினால் இரண்டாம் வயலினும் வயோலாவும் தரை தட்டும், கூட்டு ஸ்வரங்கள் அடியில் நெருங்கிச் சேறாகும். குரலையும் செல்லோவையும் இறக்குங்கள். மேல் மூன்று வரிசையைப் புதிதாகவே எழுதுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், வேறு வழியில்லை.

மென்பொருள் வாசித்துக் காட்டுவதைப் பற்றி இனிச் சொல்லியாக வேண்டும். குரல் வரிசை ‘ஆ’ என்று மட்டும் ஒலிக்கும். ற், த், ப் எதுவும் அங்கே இல்லை. குறிலை நான்கு எண்ணிக்கை இழுத்தாலும் அதற்கு ஒரே ‘ஆ’தான். எல்லாம் சரியாகப் பொருந்தியதாகவே காதுக்குப் படும். வேகமும் ஏமாற்றும்: சொல் இல்லாத இசை 60-இல் மந்தமாகத் தோன்றி, 76-க்கு ஏற்றத் தூண்டும். அதே 76-இல் ‘காற்றும் ஓய்ந்த’ என்று பாடிப் பாருங்கள், நாக்கு புரளாது. வழி ஒன்றே: வேகத்தை மெட்ரோனோமில் வைத்து, ராகம் போடாமல் வரிகளை வாசியுங்கள். பிறகு குரல் வரிசையை மிக்ஸரில் ஒலியடக்கிவிட்டு, தந்திகளை மட்டும் ஓடவிட்டு வாய்விட்டுப் பாடுங்கள். தவறு இருக்கும் இடத்தில் மூச்சு தானே முட்டும். இந்த இரண்டாவது வேலைக்கு மியூஸ்கோர் அருமையான துணை. சுருதிப் பெட்டிக்கு அடுத்தபடியாக இதைச் சொல்லலாம்.

பிரெஞ்சுக் கவிஞர் ரொன்சார்ட் 1552-இல் தம் காதல் சானெட் தொகுதியை வெளியிட்டபோது, பின்னிணைப்பாக நான்கு குரல் இசையும் சேர்த்தார். வரியிறுதியில் ஒரே இயைபு அமைப்பு உள்ள சானெட்டுகள் எல்லாம் ஒரே மெட்டில் பாடலாம் என்பது ஏற்பாடு. காவடிச் சிந்தும் கீர்த்தனையும் பாடி வளர்ந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. மியூஸ்கோரில் ஒரு மெட்டின் கீழ் இரண்டு, மூன்று அடிகளை அடுக்கிப் போட முடியும். எந்த நோட்டில் ஓர் அடிக்கு நெடிலும் இன்னோர் அடிக்குக் குறிலும் விழுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ‘மாவும் புள்ளும் தூக்கம் பூண்ட வேளை’ என்று இரண்டாம் வரியை முதல் வரியின் மெட்டிலேயே வைத்துப் பாருங்கள். ‘தூக்-கம்’ ‘காற்-றும்’மின் இடத்தில் வருகிறது, அங்கேயும் வல்லொற்று, அந்தக் கால் எண்ணிக்கை ஓய்வு அப்படியே பொருந்துகிறது. ‘புள்’ ‘மண்’ணின் இடத்தில், அதுவும் குறிலும் ஒலிக்கும் ஒற்றும். இப்படி அமையாத வரிக்குச் சொல்லை மாற்றுங்கள், மெட்டை மாற்றாதீர்கள்.

மூன்றும் இரண்டும் மாறி விழும் நடனத் தாளங்களுக்குப் பாரை உடைக்கவும் சேர்க்கவும் டூல்ஸ் மெனுவில் வசதி உண்டு. அதிகம் பயன்படுத்த வேண்டியிராது. ஆறு எண்ணிக்கைப் பார் இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் பிரிவதை வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சு. ஆங்கில இசையமைப்பாளர் டவுலண்ட் 1597-இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடும்படி பக்கத்தில் வரிசைகள் வெவ்வேறு திசையில் அச்சாகியிருக்கும். மியூஸ்கோரில் பக்கத்தின் ஒரு பகுதியைத் திருப்பி வைக்க வழி இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனித் தாளை அதுவே பிரித்துத் தரும். முழு ஸ்கோரில் ஒரு நோட்டைத் திருத்தினால் தனித் தாளிலும் திருந்திவிடும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இயல்பாக 1.75 மில்லிமீட்டர். மாலை ஒத்திகையில் டியூப் லைட் வெளிச்சத்தில் வாசிப்பவர்களுக்கு 1.9 ஆக்குங்கள். வண்ணார்பேட்டையானாலும் ஜங்ஷன் பக்கமானாலும் ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள், ஏ4 அளவில், ‘ஃபிட் டு பேஜ்’ போட வேண்டாம் என்று சொல்லி. போட்டால் அந்த 1.9 மறுபடி சுருங்கிவிடும்.

தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பவர் நடுவில் பக்கம் புரட்ட முடியாது. அவருடைய தாளில் இரண்டு பக்கத்துக்குள் பாட்டு முடியும்படி வரிசை முறிவுகளைக் கையால் வைத்து, இரண்டு ஏ4-ஐயும் பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி ஒரே அகலத் தாளாக்கி, புத்தகப் பலகை மேல் விரித்து வையுங்கள். ஓய்வு நீளமாக வரும் பாரை முதல் பக்கத்தின் கடைசியில் கொண்டுவந்தால், கண் அடுத்த பக்கத்துக்குத் தாண்ட அவருக்கு நேரம் கிடைக்கும்.